புத்துயிர் பெற்ற ஒன்பதாம் காடு

பச்சை வண்ணம் அடித்த தகரப் பலகை ஒன்றை ஜீப்பின் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்தார் ஷிபு. மேல்பாதியில் ‘ரெஜுவனேட்டட் டீ’ என்று ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்துகள். கீழ்ப்பாதி காலி. பெயிண்ட் காய்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டதால் எழுத்துகளுக்கு வியர்த்திருந்தது.

“கம்பவுண்டர் சார், இதுக்குத் தமிழ்ல ஒரு நல்ல வாக்கு வேணும்” என்றார். மலையாளத்தில் வாக்கு என்றால் சொல். ஷிபு எங்கள் எஸ்டேட்டின் புதிய மேனேஜர், கோட்டயத்துப் பிள்ளை. “இல வாங்குற கம்பெனிக்காரங்க அடுத்த மாசம் வராங்க. பணிக்காரங்க எல்லாம் தமிழ். அவங்க வாயிச்சிட்டுச் சிரிக்கக் கூடாதுல்லே?”

நான் பலகையைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் மலைச்சரிவில் ஒன்பதாம் காடு நின்றது. எங்கள் பக்கம் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்வோம், எண் போட்டு. மற்றவையெல்லாம் பேருக்குத்தான் காடு. ஒன்பது மட்டும் அப்போது உண்மையிலேயே காடாகியிருந்தது. நடுப்பகல். அதற்குள் வெளிச்சம் போகவில்லை.

இந்தத் தொடரை வாரந்தோறும் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பீர்மேட்டுச் சரிவில் ரொட்டி வண்டி கவிழ்ந்த கதையைச் சொன்னால்கூட நாள், கிழமை, மழை பெய்ததா என்பதுவரை எழுதுகிறவன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த காலத்தில் பிடித்த பழக்கம். வேலை போன பிறகும் விடவில்லை. இந்த அத்தியாயத்துக்கு மட்டும் தேதிகளை எடுத்துவிட்டேன். ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அது. தமிழ் வாக்கு.

ஒரு சொல்லும் அதன் வேலையும்

அந்த ஆங்கிலச் சொல்லை நான் முன்பே அறிவேன். மீண்டும் இளமை அடைந்த என்பது அதன் நேர்ப்பொருள். லத்தீனிலிருந்து வந்தது. குமுளி சாலையில் உழிச்சில் என்கிற எண்ணெய்த் தேய்ப்பு நிலையங்கள் எல்லாவற்றின் வாசலிலும் அதன் சொந்தக்காரச் சொற்கள் தொங்குகின்றன. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்ள உள்ளே போகிற வெளிநாட்டுக்காரர் வெளியே வரும்போது பத்து வயது குறைந்திருப்பார் என்று பொருள். தோற்றுக்கொண்டே இருந்த பந்தாட்டக் குழு ஜெயித்தால் பத்திரிகைக்காரர் அதையே எழுதுவார்.

எனக்குப் பிடித்தது பூகோளப் புத்தகத்தில் வருகிற பயன்பாடு. வயதான ஆறு தளர்ந்து, வளைந்து, சோம்பிப் போய்க்கொண்டிருக்கும். அடியில் நிலம் மெல்ல உயரும். ஆறு மறுபடி வேகம் பிடித்துப் பாறையை அறுக்கத் தொடங்கும். அந்த ஆற்றுக்கும் இதே சொல்தான்.

எல்லா இடத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. பொருள் பழையதாக இருக்கலாம், தளர்ந்திருக்கலாம், செத்திருக்கக் கூடாது. செத்ததற்கு இந்த அடைமொழி பொருந்தாது.

தேயிலைக்கு இந்தச் சொல்லைச் சொல்லும்போது அது கொஞ்சம் கொடூரமானது. கிழட்டுச் செடியைக் கெண்டைக்கால் உயரத்துக்கு அடியோடு வெட்டுவார்கள். அடிக்கவாத்து என்று பெயர். வெட்டுவாயில் நீல மருந்து பூசுவார்கள். ஏறக்குறைய மொட்டையான கட்டைகள் நீலத் தலையோடு மலைமுழுக்க உட்கார்ந்திருக்கும். சில மாதத்தில் கட்டையைப் பிளந்துகொண்டு புதுத் துளிர் வரும்.

பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் கவாத்துக் கங்காணி முருகேசனும் ஒருவர். “கால வெட்டிப்புட்டு ‘இளமை’ன்னு போர்டு வைக்கிறாக. எங்க மாமனாருக்கு வேணா ஒண்ணு எழுதிக் குடுங்க சார், கழுத்துல மாட்டி விடுறேன்” என்றார்.

‘இளமை திரும்பிய தேயிலை’ என்று முதலில் எழுதினேன். உழிச்சில் நிலையம் ஞாபகத்துக்கு வந்தது. அழித்துவிட்டு ‘புத்துயிர் பெற்ற தேயிலை’ என்று எழுதினேன். ஷிபுவுக்குப் பிடித்துவிட்டது. என் மனசில் மட்டும் ஒரு நெருடல். புத்துயிர் என்றால் பழைய உயிர் எங்கே போயிற்று?

மட்டமாக நின்ற செடி

வெட்டு தொடங்கிய சில நாளில் முருகேசன் என் வீட்டுக்கு வந்தார். இடக்கை விரலைத் துண்டில் சுற்றியிருந்தார். துண்டு நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்த காலத்திலிருந்தே காயம் என்றால் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

“என்ன முருகேசா, உன் கையில கத்தி பட்டு நான் பார்த்ததே இல்லையே?”

“நழுவிருச்சு சார்.”

என் மனைவி தெரசா வெந்நீர் கொண்டுவந்தாள். அவள் பிறந்தது பாலக்காட்டுக் கிழக்கில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. “ஏனுங்க, இவரு மூஞ்சியப் பாருங்க. வெட்டுக் காயத்துக்கு இப்படி வெளுக்குமுங்களா?” என்றாள்.

முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நடுக்காட்டுல ஒரு செடி மட்டமா நிக்கிது சார்.”

மலைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தேயிலை பிறப்பால் மரம். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை கொழுந்து கிள்ளிக்கொண்டே இருப்பதால்தான் இடுப்பளவில், மேசைபோல மட்டமாக நிற்கிறது. கை படாமல் இரண்டு மழைக்காலம் விட்டால் ஆளை மீறிப் போய்விடும். பழைய கம்பெனி கதவைப் பூட்டிக்கொண்டு போனபின் ஒன்பதாம் காட்டில் வருஷக் கணக்கில் யாரும் இறங்கவில்லை. அங்கே எல்லாம் மரம். மட்டமாக ஒரு செடி நிற்கிறது என்றால் அதில் ஒரு கை பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். போன வாரம்வரைக்கும்.

கட்டுப் போட்டு முடித்ததும் இருவருமாகப் போனோம்.

உள்ளே புல் இல்லை. மேலே இலைக்கூரை அடைத்திருந்ததால் கீழே கறுத்த மண்ணும் பழைய தேயிலைக் காய்களும்தான். மிதிக்கும்போதெல்லாம் காய்கள் சொடுக்கிட்டன. தேயிலை பூத்திருந்தது. கொழுந்து கிள்ளும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் தேயிலைப் பூவையே பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளை இதழ், மஞ்சள் நடு. அந்த இருட்டில் வாசம் இனித்துக்கிடந்தது. அட்டைகள் முழங்கால்வரை ஏறின. வெட்டுகிற மெஷின் தூரத்தில் நின்றுபோயிருந்தது. முருகேசன் ஓடிவந்ததைப் பார்த்து மற்றவர்களும் வெளியேறிவிட்டார்களாம்.

பிறகு ஒரு வெளிச்ச வட்டம். நடுவில் அந்தச் செடி.

சுற்றிலும் மரக்கிளைகளை யாரோ ஒடித்து வெயிலுக்கு வழி விட்டிருந்தார்கள். செடி இடுப்பளவில், மேலே கை வைத்துத் தடவலாம் போல மட்டமாக இருந்தது. இளம்பச்சைக் கொழுந்து. கிள்ளிய தழும்புகள். குனிந்து பார்த்தேன். சிலவற்றில் இன்னும் ஈரம்.

செடிக்குக் கீழ்ப்பக்கம் சரிவு. அங்கே மழைநீர் ஓடுகிற கான், ஓர் ஆள் ஆழம், கரையெல்லாம் இடிந்து கிடந்தது. முருகேசன் விரலை நீட்டினார். “மேல்பக்கம் பாருங்க, ரெண்டு எல ஒரு கொழுந்து. சுத்தமா கிள்ளியிருக்கு. பொம்பளையாளு கை. கீழ்ப்பக்கம் பாருங்க. காம்போட, நீட்டமா ஒடிச்சிருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “இருதயராஜ் அண்ணன் இப்பிடித்தான் ஒடிக்கும். கணக்கப்பிள்ள நெதம் வையும்.”

செடிமேல் கிடந்த துண்டு

இருதயராஜ் யார் என்று சொல்ல வேண்டும். முருகேசனோடு ஜோடியாகக் கவாத்து வெட்டியவர்; கவாத்து இல்லாத நாளில் கொழுந்தும் கிள்ளுவார். கம்பெனி பூட்டிய காலத்தில் எல்லோரையும் போல விறகு விற்றார், ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போனார். அதிகம் பேசமாட்டார். எங்கள் பங்குக் கோயிலில் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார்; பாட்டு வந்தால் மட்டும் குரல் கேட்கும்.

ஒரு மழை மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, விறகுக்காக ஒன்பதாம் காட்டுக்குள் போனார். திரும்பவில்லை. தேடினோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவர்களும் நாயோடு வந்து தேடினார்கள். மழை எல்லா வாசத்தையும் கழுவிவிட்டிருந்தது. கிடைத்தது ஒன்றே: ஒரு செடியின்மேல் மடித்து வைத்த அவருடைய துண்டு. காட்டுமாடு மிதித்திருந்தால், யானை அடித்திருந்தால், மனிதன் துண்டை மடித்தா வைப்பான்?

அந்த மடிப்புதான் வம்புக்கு விதையாயிற்று. போடியில் பார்த்தேன் என்றார் ஒருவர். திருப்பூர் பனியன் கம்பெனியில், கூட ஒருத்தியோடு என்றார் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி மரியபுஷ்பம் வண்டிப்பெரியாரில் பஸ் ஏறிப்போய்த் தேடிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நாள் வேலைக்கு நிற்பார். நவம்பரில் எல்லா ஆத்துமாக்கள் திருநாளுக்குக் குடும்பம் குடும்பமாக இறந்தவர் பெயரைக் கோயிலில் கொடுப்போம். அவர் ஒரு வருஷமும் கொடுத்ததில்லை.

காய் சொடுக்கும் சத்தம்

நாங்கள் செடியருகே நின்றபோது காய்கள் சொடுக்குகிற சத்தம் கேட்டது. மெஷின் பக்கமிருந்து இல்லை, காட்டின் உட்புறத்திலிருந்து. நிதானமாக, ஒன்று, பிறகு ஒன்று. முருகேசன் என் கையைப் பிடித்தார். கட்டுப்போட்ட விரல் என்பதையே மறந்துவிட்டார்.

மரங்களுக்கிடையிலிருந்து புஷ்பம் வந்தார்.

“யக்கா! உசிரு போயி உசிரு வந்துச்சு. ஒரு கொரல் குடுத்துட்டு வரக்கூடாதா?”

“கொரல் குடுத்தா மட்டும் நின்னுருப்பியாக்கும்? காலம்பற நீ ஓடுன ஓட்டத்த லயமே சொல்லிச் சிரிக்கிது.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றது. “நாந்தாண்ணே கிள்ளுறேன். விறகுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். துண்டு கெடந்த செடில்ல. அவுக வந்தா எடம் தெரியணும்ல?”

நானும் முருகேசனும் மூச்சு விட்டோம். பிறகு முருகேசன் மெல்லக் கேட்டார்: “கீழ்ப்பக்கமும் நீதானக்கா?”

“நான் எப்பிடிப்பா கீழ்ப்பக்கம் நிப்பேன்? கான் கெடக்கு. மேல நின்னு எட்டுனாலும் என் கை பாதிக்கு மேல போவாது.”

அவர் குள்ளம். அது உண்மை. நான் கானை எட்டிப் பார்த்தேன். இடிந்த கரையில் கால் தடம் எதுவும் இல்லை.

“கீழ்ப்பக்கம் யாரோ கிள்ளுறது உனக்குத் தெரியுமாம்மா?” என்றேன்.

“மொத மழையிலருந்து தெரியும்.”

“யாருன்னு பாக்கலையா?”

“பாக்கலண்ணே.” செடியின் மட்டத்தைக் கையால் தடவினார். “வர்றது உசிரோட இருக்க மனுசனா, வேறயான்னு பாத்துட்டா அன்னைக்கே முடிஞ்சுபோயிரும்ல.”

பெயருக்கு முன்னால்

அன்று சாயங்காலமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். மகள் ஜான்சிக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “பொண்ணோட அப்பா செத்துட்டாரா, ஓடிட்டாரா? செத்தவரு மகள்னா கட்டிக்கிறோம். ஓடுனவரு மகள்னா யோசிக்கணும்.”

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமி அறிவிப்பார். தகப்பன் இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்ப்பார். அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சாமி புஷ்பத்தைக் கேட்டிருந்தார்.

சட்டத்துக்கு ஒரு வழி உண்டு. ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

“சட்டம் சொல்லுறது எனக்குத் தெரியும்ணே. அது கெடக்கட்டும். எம் மனசு சொல்லணும்.” தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நான் ரெம்பக் கெட்டவண்ணே. அவுக செத்துப்போயிருக்கணும்னு நெனைக்கிற பொண்டாட்டி. செத்துட்டாகன்னா நான் தாலி கட்டுனவருக்குப் பொண்டாட்டி. ஓடிட்டாகன்னா நான் யாரு? அந்த மடிச்சு வச்ச துண்டு ராத்திரி பகலா என்னக் கேட்டுக்கிட்டே இருக்கு.”

தெரசா அவருக்குக் கொடுக்க வந்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவர் போனபிறகு, “ஏனுங்க, காட்டை முழுசா வெட்டுனா எலும்போ கிலும்போ கெடைக்குமில்லீங்க?” என்றாள்.

அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

நீலக் கட்டைகள்

காடு முழுவதும் தரையானது. மரமாய்ப் போன தேயிலையை மெஷின் வெட்டிச் சாய்க்க, பின்னாலேயே பெண்கள் மிலாறு என்கிற வெட்டுக்கிளைகளை இழுத்துப் போட, அதற்குப் பின்னால் ஒருவர் நீல மருந்து பூசிக்கொண்டு போனார். கான்களைத் தூர் வாரினார்கள். முருகேசன் மண்வெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு அந்தச் செடிக்குக் கீழே இருந்த கானை ஒரு பகல் முழுக்கத் தோண்டினார். எலும்பு இல்லை. பொத்தான் இல்லை. இருதயராஜ் எப்போதும் இடுப்பில் செருகியிருந்த கவாத்துக் கத்தியும் இல்லை.

காடு இருந்தவரை சந்தேகத்துக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. இப்போது ஒன்பதாம் காட்டை ஜீப் ரோட்டில் நின்றே ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்க்கலாம். நீலத் தலைகள், வரிசை வரிசையாய். மூடுபனி இறங்கும்போது கூட்டமாக ஆட்கள் குந்தி உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். “ஓடுனவந்தான். அப்பவே சொன்னேன்ல?”

நடுவில், முருகேசன் வெட்டாமல் விட்ட அந்த ஒரு செடி மட்டும் முழுசாக நின்றது. ஷிபுவுக்கு அது உறுத்தியது. “சார், பார்ட்டி வரும்போ ஒரு செடி மட்டும் இங்ஙன நின்னா என்ன சொல்றது? எனக்கும் வெஷமம் உண்டு, சங்கடம்தான். ஆனா எல்லாம் ஒரு மட்டமா வேணும்.” கெட்டவரில்லை, அவருக்கும் மேலே ஆள் உண்டு.

புஷ்பம் மறுக்கவில்லை. “வெட்டட்டும். நான் நிக்கிறப்ப வெட்டட்டும்” என்றார்.

மூச்சுக்கு விட்ட கிளை

அடிக்கவாத்தில் ஒரு வழக்கம் உண்டு. செடியை மொத்தமாக மொட்டையடிக்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட வேண்டும். கட்டை துளிர்க்கும்வரை செடி அந்தக் கிளையால்தான் மூச்சு விடும். மூச்சுக்கிளை என்போம். துளிர் வந்தபிறகு அதையும் வெட்டிவிடுவார்கள். அதுவரை அதில் ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் செடி திணறிச் செத்துப்போகும் என்பது எங்கள் மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

முருகேசன் கத்தியைத் தீட்டிக்கொண்டு, “எந்தக் கெளைய விடணும்க்கா?” என்றார்.

புஷ்பம் தான் கிள்ளிவந்த மேல்பக்கத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் கானோரத்துக் கிளையைக் காட்டினார். “என் பக்கம் பூராத்தையும் வெட்டிரு. அவுக பக்கம் நிக்கட்டும்.”

முருகேசன் ஒவ்வொரு வெட்டாக, சாய்வாக, இழுக்காமல் வெட்டினார். கடைசியில் ஒரு நீலக் கட்டையும் கானைப் பார்த்துச் சாய்ந்த ஒரு கிளையும் மிஞ்சின. அதன் நுனிகளில் கொழுந்து அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தது.

“மூணு ஓலை இருக்கு” என்றார் புஷ்பம் என்னிடம். “மொத ரெண்டு ஓலைக்குப் பேர மட்டும் வாசிக்கச் சொல்லிட்டேன். மூணாவது ஓலைக்கு முந்துன நாள் நீங்க வந்து இந்தக் கெளையப் பாருங்கண்ணே. நான் வரமாட்டேன். வேலைக்கும் வேற காட்டுக்குப் போறேன். கொழுந்து வளந்து முத்திக் கெடந்தா வந்து சொல்லுங்க. கிள்ளிக் கெடந்தாலும் சொல்லுங்க. ஆனா கண்டத மட்டும் சொல்லணும்.”

கிள்ளியிருந்தால் ஆள் உயிரோடு எங்கோ ஒளிந்திருக்கிறார். முத்திக் கிடந்தால் இறந்துவிட்டார். அவர் கணக்கு அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று ஓலை

முதல் ஞாயிற்றுக்கிழமை சாமி வாசித்தார்: “இருதயராஜ், மரியபுஷ்பம் இவர்களின் மகள் ஜான்சி.” பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை. கோயில் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கம்பத்துத் தாய்மாமன் முதல் வரிசையில் செருமினார். புஷ்பம் கடைசித் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாருமில்லை.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. பூசை முடிந்து எல்லோரும் போனபின்னும் அவர் வாசலில் நின்றார். மழை தூறியது. பஸ் ஸ்டாப்பில் இறங்குகிற ஒவ்வொரு தலையையும் பார்த்தார். ஜான்சி வந்து, “யம்மா, வா. யாரும் வரமாட்டாக” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், பகலில், நான் ஒன்பதாம் காட்டுக்குப் போனேன். ராத்திரியே மழை விட்டிருந்தது. மண் பிசுபிசுவென்று இருந்தது. ஒரு தடமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், என் செருப்புத் தடம் மட்டும் ஜீப் ரோட்டிலிருந்து நேராக என் காலடிவரை வந்திருந்தது.

கிளையில் கொழுந்து இல்லை. ஒவ்வொரு நுனியும் காம்போடு, நீளமாக ஒடிபட்டிருந்தது. ஒரு முறிவில் விரலை வைத்தேன். பிசின் ஒட்டியது. கீழே மண்ணில், கானில் தேடினேன். ஒடித்த கொழுந்து ஒன்றுகூட இல்லை.

காற்று இல்லை. சுற்றிலும் அத்தனை நீலக் கட்டைகள். யாரோ என் வேலை முடியட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது. நான் வேகமாக நடக்கவில்லை என்று எழுத ஆசைதான்.

லயத்தில் புஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கல்யாண அரிசி. கண்டதைக் கண்டபடி சொன்னேன்: கிள்ளியிருக்கிறது, ஈரமாயிருக்கிறது, தடமில்லை.

சுளகு நின்றது. “காம்போடயாண்ணே?”

“காம்போட.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். முகம் தளர்ந்தது. எத்தனையோ வருஷமாக இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்ததுபோல. சுளகைக் கீழே வைத்தார்.

“அப்ப செத்துட்டாக” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “எப்படிம்மா? கிள்ளியிருக்குன்னா உயிரோட இருக்கிறதாத்தானே…”

“உசிரோட இங்கன கெடந்தா மக ஓலைக்கு வராம இருப்பாகளாண்ணே? கோயில்மணி காட்டுக்குக் கேக்குதுல்ல. ரெண்டு ஞாயித்துக்கெழம தூணப் பாத்தாச்சு, பஸ்ஸப் பாத்தாச்சு. வர முடியாதவுகதான் வரல.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “கொழுந்து முத்திக் கெடந்திருந்தா, எங்கிட்டோ திருப்பூர்ல குடும்பம் நடத்துறாகன்னு அர்த்தம். பேர மட்டும் வாசிச்சிட்டு, அந்தத் தாய்மாமன் என்னமும் பேசட்டும்னு விட்டிருப்பேன். இப்ப அப்பிடியில்ல. என்ன விட்டுட்டுப் போகல. அங்கனயேதான் நிக்கிறாக.”

பிறகு தலையை நிமிர்த்தி, “சாமிகிட்டப் போயிச் சொல்லிருங்கண்ணே. ‘காலஞ்சென்ற’ன்னு போடச் சொல்லுங்க” என்றார்.

மூன்றாவது ஞாயிறு அந்தச் சொல் வாசிக்கப்பட்டது. தாய்மாமன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டுதலின்போது பாட்டு எழுந்தது. கடைசித் தூண் பக்கமிருந்து ஒரு கட்டைக் குரல் கூடக் கேட்டதாகத் தெரசா இன்றும் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. என் காது மந்தம். அதையும் குறித்துவைக்க வேண்டும்.

பலகை

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஜான்சி கம்பத்தில் இருக்கிறாள்.

ஒன்பதாம் காடு இப்போது முழங்காலளவு பச்சை. மூச்சுக்கிளையை வெட்டுகிற காலம் வந்தபோது முருகேசன் எல்லாச் செடியிலும் வெட்டினார், ஒன்றைத் தவிர. ஷிபு அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அந்தக் கிளை மட்டும் மற்றதற்கெல்லாம் மேலே, மட்டமாக நிற்கிறது. மூச்சுக்கிளையில் கிள்ளினால் செடி சாக வேண்டும். அது சாகவில்லை. கட்டையில் புஷ்பத்தின் பக்கம்தான் காட்டிலேயே முதலில் துளிர்த்தது.

“ஒடிச்ச கொழுந்தெல்லாம் எங்க போவுதுன்னுதான் தெரியல” என்று முருகேசன் ஒருநாள் சொன்னார். “அங்கிட்டும் டீ போடுவாக போல.” சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் சேர்ந்தே அங்கிருந்து கிளம்பினோம்.

இதை எழுதட்டுமா என்று புஷ்பத்திடம் கேட்டேன். “எழுதுங்கண்ணே, ஓடிப்போனாகன்னு சொன்னவுக படிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. தேதி போடாதீக. தேதி போட்டா அதத்தான் அவுக செத்த நாளுன்னு சொல்லுவாக. அந்த நாளு எனக்கே தெரியாது” என்றார். நவம்பரில் புஷ்பம் கணவர் பெயரைக் கோயிலில் கொடுத்தார். அதிலும் தேதிக்கான இடத்தை வெறுமையாகவே விட்டார்.

பலகை இரண்டு மழையில் வெளுத்துவிட்டது. அதை மறுபடி எழுதித் தரச் சொல்லி ஷிபு அனுப்பியிருக்கிறார். தூரிகையோடு உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். ‘இளமை திரும்பிய’ என்று மாற்றலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை. ‘புத்துயிர் பெற்ற’ என்ற பழைய எழுத்துகளின்மேலேயே வெள்ளையை ஓட்டினேன்.

பலகையை நடப் போனபோது பனி இறங்கியிருந்தது. காட்டுக்கு நடுவில், பனிக்கு மேலே அந்த ஒரு கிளை தெரிந்தது. அதன் மேல்பக்கத்தில் புஷ்பம் கூடையோடு நின்று, தன் பக்கத்துப் புதுத்துளிரை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார். காற்றில்லாமலே கானோரக் கிளை ஆடிக்கொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.